பதினெட்டுப் பெயர்களில் இல்லாதவன்

தொழிலில் அவளை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். தாள் மெஷினில் ஏறின பிறகும் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒரு மில்லிமீட்டர் இடது பக்கம் தள்ளுங்கண்ணே" என்று உயிரை வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். அவள் தலையைக் கண்டதுமே அச்சகத்துக்காரர்களுக்கு டீ தாகம் வந்துவிடும்.

ஐம்பது வயது. இருமல் மருந்துப் பெட்டி, பிஸ்கட் உறை, செருப்புக்கடைப் பை என்று இருபத்தெட்டு வருஷமாக வரைந்து தள்ளியிருக்கிறாள். "என் வேலைய ஊரே பாக்குது, பாத்த கையோட கிழிச்சுப் போடுது" என்று அவளே சிரிப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அலுவலகம். கல்யாணம் செய்து ஆறு வருஷத்தில் ஒத்துவராமல் பிரிந்துவந்தவள். அப்பா காலமான பிறகு அவளும் அம்மாவும் மட்டும்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அம்மாவுக்கு எண்பத்தொன்று ஆகியும் காது கூர்மை குறையவில்லை, வாயும் அப்படித்தான்.

ஒரு நாள் காலையில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் போன் செய்தார். ராணுவம் காலி செய்துவிட்டுப் போன பழைய பயிற்சி முகாமில் கோல்ஃப் மைதானம் அமைக்கிறார்களாம். சும்மா மைதானம் இல்லை. அங்கே இருந்த படைப்பிரிவின் சரித்திரத்துக்கு மரியாதை செய்கிற மைதானம். பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் போரில் உயிர்விட்ட ஒரு வீரனின் பெயர். லோகோ, பெயர்ப்பலகைகள், ஸ்கோர் அட்டை, தொப்பி, எல்லாவற்றுக்கும் ஒரே சாயலில் அவள் வடிவமைத்துத் தர வேண்டும்.

"எந்த முகாம் சார்?" என்று கேட்டாள். அவர் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "என்னைக்கு வரணும் சார்?" என்றுதான் வந்தது.

அந்த முகாமின் பெயரை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் எழுத்தில் பார்த்திருக்கிறாள். அது முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அண்ணன் இறந்துபோனதாக வந்த கடிதத்தில்.

அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளுக்குப் பத்தொன்பது. அவன் பட்டாளத்தில் சேர்ந்ததில் அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. ரயிலேற்றிவிடக்கூடப் போகவில்லை. வடக்கே எங்கோ மலைமேல் எல்லையில் இருக்கிறான் என்பது மட்டும் வீட்டுக்குத் தெரியும். அவன் கடிதங்களில் ஊர்ப்பெயர் இருக்காது, தபால் எண் மட்டும்தான் இருக்கும். அந்த வருஷம் எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நின்றபடியே படித்தாள். ஆறு வாரப் பயிற்சிக்காக இந்த முகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தவர், பழுதாகி நின்ற லாரிக்கு டயர் மாற்றும்போது வண்டி சரிவில் பின்னோக்கி உருண்டதில் அடிபட்டு இறந்தார் என்று எழுதியிருந்தது.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சண்டையிலயாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் குரல் அதற்கு முன்னால் அவள் கேட்டறியாத குரல். பெற்ற பிள்ளையோடு இரண்டு வருஷமாகப் பேசாமல் இருந்தவர், அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் இனிமேல் நிற்க முடியும் என்பதுபோல் கேட்டார். டயர் மாற்றும்போது என்று எப்படிச் சொல்வது?

"ஆமாப்பா" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. மீதியையெல்லாம் ஊர் சொல்லிக்கொண்டது. சவப்பெட்டியோடு கூட வந்த இரண்டு சிப்பாய்களுக்கும் இவர்கள் பாஷை தெரியாது. அண்ணன் படித்த பள்ளிக்கூடத்தில் அவன் படத்தை மாட்டினார்கள். தெருவில் அம்மாவைக் கண்டால் சைக்கிளில் போகிறவர்கள்கூட இறங்கி நடந்தார்கள். அப்பா பன்னிரண்டு வருஷம் கழித்து, எல்லையில் பிள்ளையைக் கொடுத்த மனிதராகவே கண்ணை மூடினார். கடிதத்தை அவள் அன்றைக்கே தன் சான்றிதழ்களுக்கு அடியில் வைத்துவிட்டாள். பிறகு அதைப் பிரிக்கவே இல்லை.

கர்னல் அவளை பாட்டரி வண்டியில் ஏற்றி மைதானம் முழுக்கச் சுற்றிக்காட்டினார். எழுபது வயது இருக்கும். முதுகு கம்பி மாதிரி இருந்தது, முழங்கால்கள்தான் ஒத்துழைக்கவில்லை. சிப்பாய்கள் தங்கியிருந்த நீளக் கொட்டகை இப்போது உடைமாற்றும் அறை. ஆயுதக் கிடங்கு உணவு விடுதியாகிக்கொண்டிருந்தது. மேடுகளை வெட்டி, பள்ளங்களை நிரப்பி, புல்லைப் பாய்போலச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண் தன்னையறியாமல் சரிவுகளையே தேடிக்கொண்டிருந்தது.

கர்னலோடு விளம்பரப் பொறுப்பாளர் ஒருவரும் வந்திருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாயை மூடமாட்டார். கோல்ஃபில் மணல் குழிக்குப் பங்கர் என்று பெயர், சிப்பாய் பதுங்குகிற குழிக்கும் பங்கர்தான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "பங்கர்ல விழுந்தாலும் எழுந்து வருவான் வீரன்! எப்படி மேடம் இருக்கு?" என்றார். லோகோவையும் அவரே யோசித்து வைத்திருந்தார். கோல்ஃப் மட்டையைத் தலைகீழாகத் தரையில் நட்டு, அதன்மேல் ஒரு இரும்புத் தொப்பி.

கர்னல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சார், துப்பாக்கியத் தலைகீழா நட்டுத் தொப்பி மாட்டுறது, செத்துப்போனவனுக்குச் செய்றது. அதுல மட்டைய வைக்க முடியாது" என்றாள் அவள்.

"அதுதானே மேடம் மரியாதை?"

"என்னால வரைய முடியாது சார். வேற ஆளப் பாருங்க."

வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னாள். கர்னல்தான் பேச்சை மாற்றி, "உங்களுக்குத் தோணுறத வரைஞ்சு கொண்டுவாங்க மேடம்" என்று முடித்துவைத்தார். வழியனுப்பும்போது, "உங்க வீட்டுல யாராவது பட்டாளத்துல இருந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

அந்தத் தலையாட்டல் நாலு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் கர்னல் போன் செய்ய, அம்மா எடுத்துவிட்டாள். அம்மா போனை எடுத்தால் எதிரில் இருப்பவரின் குலம் கோத்திரம் வரைக்கும் விசாரிக்காமல் வைக்கமாட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ? செத்துப்போன பிள்ளைங்க பேரெல்லாம் போட்டுத் தோட்டம் போடுறாங்களாமே! நான் சொல்லிட்டேன் அவருகிட்ட, என் பையனும் எல்லையில செத்தவன்தான் ஐயான்னு. அவரு எவ்வளவு மரியாதையாப் பேசுனாரு தெரியுமா? பேரு, நம்பரு எல்லாம் வாங்கிக்கிட்டாரு. பாத்துச் சொல்றேன்னாரு."

அம்மாவுக்கு அண்ணனின் பட்டாள எண் மனப்பாடம். தன் பெயரை மறந்தாலும் அதை மறக்கமாட்டாள்.

அவள் ஈரத்தலையோடு அப்படியே கிளம்பிக் கர்னல் வீட்டுக்குப் போனாள். அவர் பதிவேட்டைப் பார்க்கும் முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று ஓடினாள். அவர் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார். மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. அதை அவள் பக்கம் தள்ளவும் இல்லை, தன் பக்கம் இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"அம்மாவுக்குத் தெரியாது, இல்ல?" என்றார்.

"நான்தான் சார் சொன்னேன், சண்டையிலன்னு."

"நாப்பத்தி மூணு பேர் மேடம்" என்றார் கர்னல். "அறுபது வருஷத்துல அந்த முகாமுக்குள்ளேயே செத்தவங்க. வண்டி கவுந்து, காய்ச்சல் வந்து, குளத்துல முங்கி, குறி தப்பின குண்டு பட்டு. எந்தக் கல்லுலயும் அவங்க பேரு இல்ல. நான் சிபாரிசு பண்ணலாம். ஆனா குழிக்குப் பேரு வைக்கிறது கமிட்டி. போர்க்களத்துல செத்தவங்கதான்னு தீர்மானமே போட்டாச்சு. என்னால பொய் எழுத முடியாது. என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் கேக்கல சார்."

அண்ணன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கவும்தான் வந்தாள். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாசல்வரை வந்து, அவள் படியிறங்கும்வரை நின்றார்.

அடுத்த வாரம் முழுக்க அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "பாத்துட்டாராமா? எத்தனாவது குழியாம்? முதல் குழியா இருந்தா எல்லாரும் பாப்பாங்க இல்ல?" காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது.

ஒரு மத்தியானம் அலுவலகத்தில் அவள் பெயர்ப்பலகை மாதிரிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். குழியின் எண், தூரம், வீரனின் பெயர், கீழே சின்ன எழுத்தில் பிறந்த ஆண்டு, இறந்த நாள், இறந்த இடம். பதினொன்றாம் எண் பலகையில் இருந்த பெயரை அழித்துவிட்டு அண்ணன் பெயரை அடித்தாள். எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். அவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்தது அந்தப் பெயர். இடம் என்று இருந்த வரியை மட்டும் எடுத்துவிட்டாள். ஒரு பிரதி அச்செடுத்தாள். பைக்குள் வைக்கும்போது, தான் செய்வது என்ன என்று தெரிந்துதான் வைத்தாள்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை மடிமேல் வைத்துக்கொண்டாள். எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பாள். மகன் பெயரைப் படித்தாள். விரலை அதன்மேல் வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தடவினாள். மறுபடியும் தடவினாள். இந்த மட்டும் போதும், இதோடு விட்டுவிடு கடவுளே என்று மகளின் மனசு அடித்துக்கொண்டது.

"எந்த மலைன்னு போடலையேடி" என்றாள் அம்மா. "எந்த எடத்துல செத்தாங்கன்னு எல்லாத்துலயும் போடுறோம்னு அவரு சொன்னாரே. இவனுக்கு மட்டும் ஏன் விட்டுட்ட?"

அவள் ஏதாவது ஒரு மலையின் பெயரைச் சொல்லியிருக்கலாம். அம்மா போய்ப் பார்க்கவா போகிறாள்? ஆனால் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒற்றை வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்ததோ, அன்றைக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அண்ணன் சண்டையில சாகல."

எல்லாவற்றையும் சொன்னாள். லாரி, டயர், சரிவு. சான்றிதழ்களுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். அம்மா அழவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, "வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள். உடனே உயிர் போய்விட்டது என்று கடிதத்தில் இருந்த வரியைக் காட்டினாள். அந்த வரியையும் அம்மா நம்பினாளா என்று தெரியவில்லை.

"அந்த முகாம் எங்க இருக்கு?" என்றாள் அம்மா.

"இங்கதாம்மா. நான் வேலைக்குப் போறேனே, அதே எடம்தான்."

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ல ரெண்டு மணி நேரம்."

அம்மாவின் வாய் கொஞ்சம் திறந்தபடியே நின்றது. "ரெண்டு மணி நேரமா?" என்றாள். "என் பிள்ளை ரெண்டு மணி நேரத்துல இருந்தானா? பனியில கெடந்தான், தண்ணிகூடக் குடுக்க ஆள் இல்லாமக் கெடந்தான்னு நான் முப்பது வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன். எட்டாத தூரம்னு மனசத் தேத்திக்கிட்டு இருக்கேன். இங்க இருந்தானா?"

"லீவு கெடச்சதும் சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கலாம்னு இருந்திருப்பாம்மா. அதான் எழுதல போல."

"அவன் சொல்லல, சரி. நீ ஏண்டி சொல்லல?"

அப்பாவுக்காக என்று சொல்லலாம். அப்பா போய்ப் பத்தொன்பது வருஷமாகிறதே என்று அம்மா கேட்டால்?

பதினொரு நாள் அம்மா அவளிடம் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டாள், கூப்பிட்டால் திரும்பினாள். பன்னிரண்டாம் நாள் காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். "கூட்டிட்டுப் போ" என்றாள். கர்னல் கார் அனுப்புவார் என்று சொன்னதற்கு, "பஸ்ல" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோகிற ஒவ்வொரு நிறுத்தத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இரண்டு முறை கேட்டாள். ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவள் போனில் சொல்லியிருந்ததால் கர்னல் வாசலில் காத்திருந்தார். பழைய வரைபடத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, எட்டாவது குழிக்குப் போகிற வழி. அம்மா பாட்டரி வண்டியிலிருந்து இறங்கி, கால் புதைகிற புல்லில் நின்று பார்த்தாள்.

"சரிவு எங்க?" என்றாள்.

"சமப்படுத்திட்டாங்கம்மா. விளையாட்டுக்காக" என்றார் கர்னல்.

அம்மா காலால் தரையை அழுத்திப் பார்த்தாள். பந்துகூட உருளாத சமதளம். பிறகு மெல்ல உட்கார்ந்தாள். கர்னலும் முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தார். தூரத்தில் புல்வெட்டும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் இவர்களைப் பார்த்துவிட்டு மெஷினை அணைத்தார்.

"ஆறு வாரம் இருந்திருக்கான்" என்றாள் அம்மா, யாரிடமும் இல்லாமல். "காலையில சோறு கட்டி எடுத்துக்கிட்டுப் பஸ் ஏறியிருந்தா, மத்தியானம் குடுத்துட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கலாம்."

திரும்பும்போது அம்மா பஸ்ஸில் தூங்கிப்போனாள். தலை மகளின் தோளில் சாய்ந்தது. விழித்ததும் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரத்தில்தான் அவள் லோகோவை வரைந்தாள். குழியில் நட்டிருக்கும் மெல்லிய கொடிக்கம்பு, அதில் அரைக்கம்பத்துக்கு இறக்கிய கொடி. வேறொன்றும் இல்லை. வாளோ நட்சத்திரமோ கேடயமோ எதுவும் கிடையாது. கமிட்டியின் நீள மேஜையில் அதை வைத்தபோது கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கயிறு அவுந்துபோச்சுன்னு நெனச்சுக்க மாட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார். "சோகமா இருக்கே. சனிக்கிழமை ஜாலியா ஆட வர்றவன் எதுக்குச் சோகத்தத் தலையில மாட்டிக்கிட்டுப் போகணும்?" என்றார் விளம்பரப் பொறுப்பாளர். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. பெயர்ப்பலகைகளிலும் ஸ்கோர் அட்டையிலும் அவளுடைய கொடி. தொப்பிக்கும் சட்டைக்கும் கோப்பைக்கும் வேறு யாரோ இரண்டே நாளில் வரைந்துகொடுத்த கேடயம். அதில் குறுக்கே இரண்டு மட்டைகள் இருந்தன, இரும்புத் தொப்பி இல்லை. அந்த மட்டும் அவள் சொன்னது நின்றது. நாற்பத்து மூன்று பேருக்காகக் கர்னல் மூன்று கூட்டங்களில் சண்டை போட்டு ஒரு பெயர்ப்பலகைக்கு அனுமதி வாங்கினார். அதற்கு இடம் கிடைத்தது புல்வெட்டும் மெஷின்கள் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம். விளையாட வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். அண்ணன் பெயரும் இருந்த அந்தப் பலகையை அவள் யாரிடமும் கொடுக்காமல் தானே செய்து, தானே கூடநின்று மாட்டிவிட்டு வந்தாள்.

அதைப் பார்க்க அம்மாவைக் கூப்பிட்டாள். "ஒரு தடவை பாத்தாச்சு, போதும்" என்றுவிட்டாள் அம்மா.

பேச்சுவார்த்தை பழையபடி வந்துவிட்டது என்றுதான் வெளியே பார்ப்பவர்களுக்குத் தெரியும். அம்மா விலைவாசி பேசினாள், மகள் மெலிந்துவிட்டாள் என்று குறைபட்டாள். ஒன்று மட்டும் மாறிப்போயிற்று. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், டாக்டர் சீட்டோ, கரண்டு ஆபீஸ் நோட்டீஸோ, ஆங்கிலத்தில் இருந்தால் அம்மா அதை மகளிடம் நீட்டமாட்டாள். எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். முதல் தடவை, "நான் படிக்கிறேனேம்மா" என்று கைநீட்டினாள். "உனக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் அம்மா. அதில் குத்தலே இல்லை. அதுதான் அவளை அதிகமாக வதைத்தது. ஒன்றேகால் வருஷம் அப்படியே ஓடியது.

அம்மா ஒரு மழைநாளில், ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்ச்சேர்ந்தாள். கடைசியாகப் பேசியது மகளிடம்தான். கட்டில் கம்பி முதுகில் உறுத்துகிறது என்றாள். மகள் தலையணையை மாற்றி வைத்தாள். "இப்ப சரி" என்றாள் அம்மா.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நாட்டுக்கே பிள்ளையக் குடுத்த மகராசி. எல்லையில சண்டையில போனான் அந்தப் புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் பக்கத்து வீட்டுக்காரியிடம் எத்தனையோ காகிதங்களைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். இதை மட்டும் சொல்லவே இல்லை போலிருக்கிறது.

"இல்லக்கா" என்றாள் அவள். "எங்கண்ணன் சண்டையில சாகல. ரெண்டு மணி நேரத் தூரத்துல, லாரிக்கு டயர் மாட்டும்போது செத்தான். சண்டையிலன்னு சொன்னது நான்."

யாரோ இருமினார்கள். பக்கத்து வீட்டு அம்மா அவளைப் பார்த்த பார்வையில் அருவருப்புதான் இருந்தது. செத்தவள் இன்னும் நடுவீட்டில் கிடக்கும்போது இப்படியா பேசுவது? நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கர்னல் மட்டும் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவை எடுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.